வீட்டில் இருக்கும் பழைய புத்தகத்தை மின்னூலாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோயால் அம்மாவுக்குப் பார்வை மங்கியபோது, தாத்தா சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள் பீரோவிலேயே கிடந்தன. எழுத்து பொடி, தாள் பழுப்பு. அவற்றை இ-ரீடர் என்னும் மின்னூல் வாசிப்புக் கருவியில் பெரிய எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் தொடங்கினேன். பிறகு உறவினர்களும் நண்பர்களும் தங்கள் வீட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பக்கங்களைப் போனில் படம் எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி கிண்டில் ரீடரில் போட்டால் போதாதா?

திறக்கும். ஆனால் படிக்க முடியாது. டெமி அளவுப் புத்தகம் சுமார் ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். ஆறு அங்குல ரீடரின் திரையை அளந்து பாருங்கள்: அகலம் மூன்றரை அங்குலம், உயரம் ஐந்துக்கும் கொஞ்சம் குறைவு. முழுப் பக்கமும் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் 57 சதவீதமாகச் சுருங்கும். 10 பாயின்ட் எழுத்து 6 பாயின்டுக்கும் கீழே போய்விடும். மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்தைப் படிப்பது போலத்தான்.

பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிக்கலாமே என்பார்கள். ரீடரின் இங்க் திரை (காகிதத்தில் மை போலக் காட்டும் திரை) ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை மினுக்கி அடங்கும். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கருவியை மூடி வைத்துவிடுவார்கள், அதுவும் வயதானவர்கள்.

நான்கு ஓரத்தின் வெற்றிடத்தையும் வெட்டினாலே அந்த 10 பாயின்ட் 7 பாயின்ட் வரை மீண்டு வரும். வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

படத்தைப் படமாகவே வைக்கலாமா, எழுத்தாக மாற்ற வேண்டுமா?

எந்த மென்பொருள், எந்த ஃபார்மட் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். முதலில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதை முடிவு செய்யுங்கள்.

ஸ்கேன் செய்த பக்கம் என்பது கருவிக்கு வெறும் புள்ளிகள். அதில் ‘அ’ என்ற எழுத்து இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் எழுத்தைப் பெரிதாக்கவோ, வரியை மடித்து அடுத்த வரியில் போடவோ, சொல்லைத் தேடவோ அதனால் முடியாது. ஈபப் என்ற பெயரில் ஒரு கோப்பு வந்துவிட்டாலே எழுத்து பெரிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈபப் என்பது, சுருக்கமாகச் சொன்னால், வலைப்பக்கங்களையும் படங்களையும் ஒரு ஜிப்பில் கட்டி வைத்த மூட்டை. உள்ளே படம் இருந்தால் வெளியே வருவதும் படம்தான்.

சித்திரக்கதை, குழந்தைகளுக்கான படப் புத்தகம், வரைபடம், கையெழுத்து நோட்டு, அட்டவணைகள் நிறைந்த பஞ்சாங்கம் இவையெல்லாம் படமாகவே இருக்கட்டும். நாவல், சிறுகதை, கட்டுரை, பயண நூல் போன்ற ஓட்டமான உரைநடையை எழுத்தாக்குங்கள். கவிதை நடுவில் நிற்கிறது. வரியமைப்பு கெடாமல் பார்த்துக்கொள்ளப் பொறுமை இருந்தால் எழுத்தாக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் வழி ஏதும் இல்லையா?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கே2பிடிஎஃப்ஆப்ட் என்று ஓர் இலவச மென்பொருள். பக்கத்தில் எழுத்து எது என்று அது பார்ப்பதில்லை. கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று மட்டும் பார்க்கும். வரிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு சொல்லையும் ஒரு சிறு படமாக வெட்டி, உங்கள் திரை அகலத்துக்கு ஏற்ப மறுபடி அடுக்கும். நாளிதழில் இருந்து சொற்களைக் கத்தரித்து வேறு தாளில் பெரிய இடைவெளியில் ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. மொழி எதுவானாலும் அதற்குக் கவலை இல்லை என்பதால் தமிழுக்கும் நன்றாக வேலை செய்யும். பக்கம் கோணலாக இருந்தால் மட்டும் தடுமாறும். நம் எழுத்தில் மேலே ‘கி’யின் விசிறியும் கீழே ‘ஞு’வின் வாலும் நீள்வதால், வரிகள் நெருக்கமாக அச்சான புத்தகத்தில் இரண்டு வரிகளை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். முதலில் ஐந்து பக்கத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலியை கோபோ, பாக்கெட்புக் போன்ற ரீடரில் நிறுவிக்கொண்டால், இதே வேலையைப் படிக்கும்போதே அது செய்து கொடுக்கும்.

படம் எப்படி எடுக்க வேண்டும்?

ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), பொடி எழுத்தானால் 600. போன்தான் என்றால் ஜன்னல் ஓரமாக, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிளாஷ் வேண்டாம். பழைய தாளிலும் அது நடுவில் ஒரு வெள்ளைத் திட்டை உண்டாக்கிவிடும். போன் ஆடாமல் ஏதாவது ஒரு தாங்கியில் நிற்கட்டும். முதலில் வலப்பக்கங்களை எல்லாம் எடுத்துவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கங்களை எடுத்தால் வேலை வேகமாகப் போகும்; வெளிச்சமும் ஒரே சீராக இருக்கும்.

ஒடியும் தாளை 180 பாகைக்கு விரித்து அழுத்தாதீர்கள். முதுகு விட்டுவிடும். பாதி திறந்தே எடுங்கள், வளைவை மென்பொருளில் சரிசெய்யலாம்.

எடுத்த படங்களைக் கணினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எழுத்தின் விளிம்பு கரைந்துபோகும். ஐபோனில் எடுத்தது ஹெச்இஐசி வடிவில் இருந்தால் ஜேபெக் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்; பல மென்பொருள்கள் அதைத் திறப்பதில்லை.

மாற்றிய பிறகு 1ஆம் பக்கத்துக்கு அடுத்து 10ஆம் பக்கம் வருகிறதே?

கோப்பின் பெயர்தான் காரணம். 1, 2, 10 என்று வைத்தால் பல நிரல்கள் 1, 10, 100, 2 என்று அகராதி வரிசையில் அடுக்கும். 001, 002, 010 என்று பெயர் மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

பக்கங்களைச் சுத்தம் செய்ய எது நல்லது?

ஸ்கேன் டெய்லர். இலவசம். விரித்து எடுத்த இரண்டு பக்கத்தைப் பிரிப்பது, கோணலை நிமிர்த்துவது, எழுத்துப் பகுதியை மட்டும் வெட்டுவது, ஓரம் விடுவது, பழுப்பை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குவது என்று படிப்படியாகப் போகும். ஒரு படியை ஒரு பக்கத்தில் சரிபார்த்துவிட்டு எல்லாப் பக்கத்துக்கும் ஓட விடலாம். ஆனால் எழுத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் படியில் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பாருங்கள். அடிக்குறிப்பையும் பக்கத்தின் கடைசி வரியையும் அது சிலசமயம் வெளியே தள்ளிவிடும்.

கறுப்பு வெள்ளையாக்கும்போது அளவு மீறினால் மெய்யெழுத்தின் புள்ளி தூசி என்று நினைத்து அழிக்கப்படும். ‘பத்து’ ‘பதது’ ஆகிவிடும். தூசி நீக்கும் அளவைக் குறைவாகவே வையுங்கள்.

சித்திரக்கதைகளுக்கு என்ன செய்வது?

எளிய வேலை. படங்களை வரிசையாகப் பெயரிட்டு ஜிப் செய்து, கோப்பின் பின்னொட்டை சிபிஇசட் என்று மாற்றினால் சித்திரக்கதை மின்னூல் தயார். கோபோ அதை அப்படியே திறக்கும். கிண்டில் திறக்காது. அதற்குக் கிண்டில் காமிக் கன்வர்ட்டர் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. உங்கள் கருவியின் மாடலைச் சொன்னால், படங்களை அதன் திரை அளவுக்குக் குறைத்து, ஓரம் வெட்டி, சாம்பல் நிறமாக்கித் தரும்.

திரை அளவுக்குக் குறைப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆறு அங்குல, 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ரீடரின் திரை 1072 × 1448 புள்ளிகள். 12 மெகாபிக்சல் படத்தில் அதைப்போல ஏழெட்டு மடங்கு புள்ளிகள் இருக்கும். கூடுதலாக இருப்பது எதுவும் திரையில் தெரியாது, பக்கம் திரும்புவதுதான் தாமதமாகும். இங்க் திரை காட்டுவது 16 சாம்பல் நிலைகள்தான். கலர் இங்க் ரீடர் வைத்திருந்தால் நிறத்தை விட்டுவையுங்கள். அங்கும் நிறம் 150 பிபிஐ, கறுப்பு வெள்ளைதான் 300.

தமிழ் எழுத்தை உணர்ந்து தட்டச்சாக்கித் தரும் மென்பொருள் எது?

வீட்டு வேலைக்கு இரண்டு போதும்.

கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, அதைக் கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால், மேலே படமும் கீழே எழுத்துமாக ஒரு ஆவணம் வரும். நான் பார்த்தவரை பழைய அச்சுக்கு இதுதான் நன்றாக வருகிறது. குறை என்னவென்றால் பத்தி பிரிப்பு குலையும், சாய்வெழுத்து போய்விடும், நீண்ட பிடிஎஃப் என்றால் துண்டு துண்டாகத்தான் கொடுக்க வேண்டும்.

டெசராக்ட் உங்கள் கணினியிலேயே ஓடும், இணையம் வேண்டாம். 1980-களில் ஹெச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-இல் திறமூலமாகி, பிறகு கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. 2018-இல் வந்த நான்காம் பதிப்பில் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறிய பிறகு தமிழில் அதன் தரம் நன்றாக உயர்ந்தது. தமிழ் மொழிக்கோப்பைத் தனியாக நிறுவ வேண்டும். அதை மறந்துவிட்டு ‘தமிழ் வரவில்லை’ என்று கேட்பவர்கள் நிறைய. கட்டளை வரி பழக்கமில்லை என்றால் ஜிஇமேஜ்ரீடர் வழியாக இதை இயக்கலாம். ஐந்நூறு பக்கத்தை இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம் என்பது இதன் வசதி.

1960-களில் வந்த புத்தகம். தும்பிக்கை போட்ட ‘லை’ எல்லாம் தப்பாக வருகிறது. ஏன்?

தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி போட்டு அச்சாயின. ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் ஒட்டிச் சுழித்த ஒற்றை எழுத்துகள்; ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவையும் அவற்றைப் பின்பற்றியே வரும். ஆக 13 எழுத்துகள். உத்தரவு வந்த மறுநாளே எல்லா அச்சகங்களும் ஈய எழுத்தை மாற்றிவிடவில்லை. 80-களின் தொடக்கத்துப் புத்தகங்களிலும் தும்பிக்கையைப் பார்க்கலாம்.

எழுத்துணரிகள் பெரும்பாலும் இன்றைய எழுத்துருக்களில் பயிற்சி பெற்றவை. பழைய ‘னா’வைப் பார்த்தால் ‘ணு’, ‘ஞ’ என்று மனம் போனபடி எழுதும். நல்ல வேளையாக, ஒரு புத்தகத்துக்குள் பெரும்பாலும் ஒரே மாதிரி தவறும். முதல் பத்துப் பக்கத்தைத் திருத்தும்போது எந்த எழுத்து எதுவாக மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பிறகு தேடி மாற்றும் வசதியில் சொல் சொல்லாக மாற்றலாம். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்பதை மட்டும் அமுக்காதீர்கள். சரியாக இருந்த ‘அணு’வையும் அது ‘அனா’ ஆக்கிவிடும்.

பழைய நூல்களில் பக்க எண், அதிகார எண் எல்லாம் தமிழ் எண்ணில் இருக்கும். ௧ ‘க’ ஆகவும், ௨ ‘உ’ ஆகவும், ௫ ‘ரு’ ஆகவும் வந்து நிற்கும். வாக்கியத்துக்கு நடுவில் ஒற்றை ‘ரு’ தனியாக நின்றால் அது ஐந்தாம் பக்கம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மெய்ப்புப் பார்க்கும்போது எங்கே கவனம் வேண்டும்?

உண்மையான உழைப்பு இங்கேதான். ஸ்கேன் ஒரு நாள் வேலை, மெய்ப்பு ஒரு மாத வேலை. 212 பக்க நாவலுக்கு, தினமும் இரவு ஏழெட்டுப் பக்கம் என்று எனக்கு நான்கு வாரம் ஆனது.

துணைக்காலும் ‘ர’வும் அச்சில் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். நான் முதலில் முடித்த புத்தகத்தில் ஒரு பாட்டி ‘கரல் வலிக்குது’ என்று படுத்திருந்தாள். மூன்று முறை படித்தும் என் கண்ணுக்குப் படவில்லை. அம்மாதான் கேட்டாள், ‘அது என்னடா கரல்?’ பழகிய கதையைக் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும். அதனால் ஒருமுறையாவது வாய்விட்டுப் படியுங்கள், அல்லது கணினியை வாசிக்கச் சொல்லிக் காதால் கேளுங்கள். காதுக்குக் ‘கரல்’ உடனே உறுத்தும்.

‘ன’வும் ‘ண’வும், ‘எ’வும் ‘ஏ’வும், ‘ஒ’வும் ‘ஓ’வும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ‘வௌவால்’ என்பதில் இருப்பது ஔகாரக் குறி. எழுத்துணரி அதை ஒற்றைக் கொம்பு, வ, ள என்று மூன்றாகப் பிரித்து ‘வெளவால்’ என்று எழுதும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடினால் அகப்படாது. வாசிப்பான் செயலி ‘வெ-ள-வால்’ என்று உச்சரிக்கும்.

வரி முடிவில் உடைந்த சொற்களைச் சேர்ப்பது, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வரும் புத்தகப் பெயரை நீக்குவது, பக்கம் மாறும் இடத்தில் பத்தி தொடர்கிறதா, புதிதா என்று பார்ப்பது இவை அலுப்பான வேலை. செய்யாமல் விட்டால் படிப்பவருக்குக் கல் கடித்துக்கொண்டே இருக்கும்.

ஆசிரியரின் எழுத்துநடையைத் திருத்த வேண்டாம். ‘ஸர்க்கார்’ என்று அவர் எழுதியிருந்தால் ‘ஸர்க்கார்’தான்.

பிடிஎஃப்பில் எழுத்தைப் பிரதி எடுக்க முடிகிறது, ஒட்டினால் கிறுக்கலாக வருகிறதே?

யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்துக் குறியாக்கத்துக்கு முந்தைய பாமினி, டிஸ்கி, டாப் போன்ற குறியாக்கத்தில் தட்டச்சு செய்த புத்தகமாக இருக்கும். எந்தக் குறியாக்கம் என்று தெரிந்தால் என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கலாம். தெரியவில்லை என்றால் பக்கங்களைப் படமாக்கி எழுத்துணரியில் கொடுத்துவிடுங்கள். அச்சு சுத்தமாக இருப்பதால் பிழை குறைவாகவே வரும்.

எழுத்து தயார். இனி ஈபப் ஆக்குவது?

கூகுள் டாக்ஸிலேயே ஈபப் ஆகப் பதிவிறக்கும் வசதி உண்டு. லிப்ரே ஆபீஸிலும் உண்டு. எதில் செய்தாலும் அதிகாரத் தலைப்புகளை வெறும் தடித்த எழுத்தாக விடாமல் தலைப்புப் பாணியில் குறியுங்கள். அதிலிருந்துதான் பொருளடக்கம் உருவாகும். நுணுக்கமாகத் திருத்த சிகில் இருக்கிறது. அட்டைப்படம், ஆசிரியர் பெயர் சேர்க்கவும் வடிவம் மாற்றவும் காலிபர். 2006-இல் கோவிட் கோயல் தன் சோனி ரீடருக்காக எழுதத் தொடங்கிய நிரல் அது. இன்று இ-ரீடர் வைத்திருப்பவர்களின் கணினியில் தவறாமல் இருக்கும்.

மோபியா, ஈபப்பா, ஏஇசட்டபிள்யூ3-ஆ?

ஈபப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 2022-இலிருந்து கிண்டிலுக்கும் ஈபப்பை அனுப்பலாம். ‘சென்ட் டு கிண்டில்’ வலைப்பக்கம் வழியாக 200 எம்பி வரை, மின்னஞ்சலில் 50 எம்பி வரை. யுஎஸ்பி கம்பி வழியாகப் போடுவதென்றால் காலிபரில் கிண்டிலின் வடிவமான ஏஇசட்டபிள்யூ3 ஆக்கிப் போடுங்கள். பழைய கிண்டில் வடிவமான மோபியை மறந்துவிடலாம்.

கருவியில் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது. கொம்பு இடம் மாறி நிற்கிறது.

கட்டம் வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். ‘கொ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துரு இருக்கிறது, அதைச் சேர்த்து வரையத் தெரியவில்லை. முதல் சிக்கலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை ஈபப்புக்குள் பொதித்து, கருவியின் எழுத்துப் பட்டியலில் பதிப்பாளர் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். கிண்டில், கோபோ இரண்டிலும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் எழுத்துருவை நேராகப் போட்டுக்கொள்ளவும் முடியும். இரண்டாவது சிக்கலுக்குக் கருவியின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். மிகப் பழைய கருவி என்றால் படமாக்கிய பக்கங்கள்தான் வழி.

தாத்தாவின் கையெழுத்து நோட்டையும் இப்படி மாற்றலாமா?

படமாக மாற்றுங்கள். வீட்டில் இருக்கும் எழுத்துணரிகளால் தமிழ்க் கையெழுத்தை நம்பும் அளவுக்குப் படிக்க முடியாது. மருந்துக் குறிப்பு, கணக்கு போன்றவற்றில் அளவு ஒன்று தப்பினாலும் ஆபத்து.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1960-இல் ஒருவர் இறந்திருந்தால் 2021 ஜனவரி 1 முதல் அவர் எழுத்து பொதுவுடைமை. இலங்கையில் 70 ஆண்டுகள். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களையும் தாராளமாகப் பகிரலாம். ஆனால் பழைய நூலுக்குப் பின்னால் வந்தவர் எழுதிய உரைக்கும் முன்னுரைக்கும் தனி உரிமை உண்டு, அதைப் பாருங்கள். உரிமை உள்ள புத்தகத்தைச் சொந்த வாசிப்புக்காக மாற்றிக்கொண்டால் உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், குழுக்களில் போடாதீர்கள். இருக்கும் எழுத்தாளர்களின் சோறு அது.

வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டியது ஏதாவது?

யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இவற்றில் தேடுங்கள். விக்கிமூலத்தில் ஒரு பக்கம் ஸ்கேன், ஒரு பக்கம் எழுத்து என்று அருகருகே இருக்கும். மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. அங்கிருந்தே ஈபப் இறக்கலாம். பொதுவுடைமை நூலில் நீங்கள் பார்த்த மெய்ப்பையும் அங்கே சேர்த்தால் இன்னொரு வீட்டில் அதே நான்கு வாரம் மிச்சமாகும்.

மின்னூல் ஆனதும் மூலப் படங்களை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். வெட்டாத, சுத்தம் செய்யாத முதல் படங்களை ஒரு ஹார்டு டிஸ்கிலும் இன்னோர் இடத்திலும் வையுங்கள். 212 பக்கம், பக்கத்துக்கு நான்கு எம்பி என்றாலும் ஒரு ஜிபிக்குள்தான்.

அந்த நாவலை அம்மா பெரிய எழுத்தில் படித்து முடித்த அன்று, ‘பதினேழாம் அதிகாரத்துல உங்க தாத்தா பென்சில்ல ஏதோ எழுதியிருப்பாரே, அதைக் காணோமே’ என்றாள். ஓரத்தோடு சேர்த்து நான் வெட்டியிருந்தேன். மூலப் படத்தைத் தேடித் திறந்தேன். பழுப்பு ஓரத்தில் சாய்ந்த எழுத்தில் ஒரு தேதியும், ‘இன்று நல்ல மழை’ என்ற மூன்று சொல்லும் இருந்தன. அந்தப் பக்கத்தை மட்டும் படமாகவே பதினேழாம் அதிகாரத்தின் முடிவில் சேர்த்து, ஈபப்பை மறுபடி செய்து கொடுத்தேன்.